நூலை விட்டால் மரம் விழும்

மதிப்பிற்குரிய மச்சான் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே நாங்கள் இருவரும் உடம்பளவில் நலம். மனதளவில் ஒருவர் மட்டும் நலம், அது உங்கள் தங்கை. அவள் அடுத்த அறையில் துணி மடித்துக்கொண்டிருக்கிறாள். நான் தையல் மெஷின் மேல் காகிதத்தை வைத்து, கதவை ஒருக்களித்துச் சாத்திவிட்டு எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். நாற்பது வருடம் நேர்த்தையல் போட்ட கைதான் இது. நேற்றிலிருந்து அதற்கு நேர்கோடு மறந்துவிட்டது.

உங்கள் மகள், நம் எறும்பு, அந்தத் திறந்தவெளிச் சிற்பப் பூங்காவில் ஆறு மாதமாகச் செய்துவந்த சிற்பத்தை வருகிற சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஊரைக் கூட்டிக் காட்டப்போகிறாள். அதற்கு உங்களை அழைத்தபோது நீங்கள் சொன்னது எனக்கு வார்த்தை மாறாமல் நினைவிருக்கிறது. "முதல்ல நீங்க போய்ப் பாருங்க. பாத்துட்டு எழுத்துல எழுதி அனுப்புங்க. பாக்கத் தகுந்ததா இருந்தா வர்றேன். இல்லன்னா என்னை விட்டுடுங்க." பத்திரப் பதிவு அலுவலகத்தில் முப்பத்துநாலு வருடம் தலைமை எழுத்தராக இருந்தவர் நீங்கள். வெளியே மழை பெய்கிறது என்றால்கூட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால்தான் குடையை எடுப்பீர்கள். போனில் சொல்லிவிடலாம் என்றால், அவள் வேலையைப் பற்றிப் பேச்செடுத்த உடனே உங்கள் பக்கம் லைன் கட்டாகிவிடுகிறது. அது லைனின் குற்றமில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும்.

அவள் இதுவரை பதினோரு சிற்பம் செய்திருக்கிறாள். நீங்கள் ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை. வீட்டுக்கு வருகிறாள், சாப்பிடுகிறாள், போகிறாள், வேலையைப் பற்றி மட்டும் பேச்சே கிடையாது. இந்தத் தடவை என்னிடம் வந்து, "மாமா, அப்பா வருவாரா?" என்று கேட்டபோது அவள் என் முகத்தைப் பார்க்கவில்லை, மெஷினின் சக்கரத்தைச் சுற்றிக்கொண்டே கேட்டாள். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று வாய் கொடுத்துவிட்டேன். எனக்கென்ன இவ்வளவு அக்கறை என்று நீங்கள் கேட்கமாட்டீர்கள். சின்ன வயதில் அவள் குச்சி, கொட்டை, காய்ந்த இலை என்று எறும்பு மாதிரி பொறுக்கி வருவாள் என்பதற்காகப் பள்ளிக் கவுனில் நாலு பாக்கெட் வைத்துத் தைத்தவன் நான். நாலுக்கும் மூடி, நாலுக்கும் பட்டன். அவள் கணக்குப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டுச் சிற்பம் செய்யப் போனபோது, "எல்லாம் நீங்க வச்ச பாக்கெட்டால வந்தது" என்று என்னைப் பார்த்துச் சொன்னீர்களே, அதை நான் மறக்கவில்லை. அதனால் இந்த விஷயத்தில் நானும் ஒரு குற்றவாளிதான். நேற்று அந்தக் குற்றம் இரண்டாகிவிட்டது.

நேற்று ஞாயிற்றுக்கிழமை. நல்ல குளிர். போன மாதம் உங்கள் தங்கை பின்னிக்கொடுத்த ஸ்வெட்டரைப் போட்டு, மேலே கோட்டும் மாட்டிக்கொண்டேன். உங்களுக்கும் அதே மரப்பட்டை நிறத்தில் ஒன்று அனுப்பினாளே, அதன் ஜோடி. நான் தைக்காமல் என் உடம்பில் ஏறிய ஒரே உடுப்பு அதுதான். பூங்காவின் வாசலிலேயே தொடங்கியது வினை. உள்ளே விடுவதற்கு முன் ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டார்கள். கல் தடுக்கினாலும், கிளை முறிந்தாலும், குளத்தில் விழுந்தாலும் நிர்வாகம் பொறுப்பில்லை என்று வரிசையாக எழுதியிருந்தது. இத்தனையும் நடக்கும் என்று தெரிந்துதானே அச்சடித்திருக்கிறார்கள் என்றேன். உங்கள் தங்கை, "பேசாம போடுங்க, பின்னால ஆளுங்க நிக்கிறாங்க" என்றாள். போட்டேன். நேற்று நான் போட்ட கடைசிக் கையெழுத்து அதுவல்ல என்பதை மட்டும் சொல்லிக்கொள்கிறேன்.

உள்ளே போனால் எது சிற்பம், எது சும்மா கிடக்கிறது என்றே தெரியவில்லை. புல்லுக்கு நடுவில் கற்களை அடுக்கி ஆள் உயரக் காது ஒன்று செய்திருந்தார்கள். அதன் பக்கத்தில் நான் மெதுவாகவே பேசினேன். குளத்துக்குள் குச்சிகளால் பின்னிய தலைகள் கழுத்துவரை தண்ணீரில் நின்றுகொண்டு எங்களையே பார்த்தன. உங்கள் தங்கைக்குக் கால் வலித்தது. வேரோடு பிடுங்கிக் கவிழ்த்த ஒரு மரத்தடியில் வசதியான இடம் பார்த்து உட்கார்ந்தாள். எங்கிருந்தோ ஒரு விசில். காவலாளி ஓடி வந்து, "அம்மா, எந்திரிங்க, அது ஒம்பதாம் நம்பர்" என்றார். அதற்கப்புறம் நிஜமான பெஞ்சைக் கண்டால்கூட எங்களுக்கு உட்காரப் பயம். கடைசியில் டீக்கடைக்கு முன்னால் இருந்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்றுதான் சந்தேகமில்லாமல் நாற்காலி என்று பட்டது. "நான் இதைவிட்டு எந்திரிக்கமாட்டேன், நீங்க முதல்ல பாத்துட்டு வாங்க, அப்புறம் நான் போறேன்" என்று சொல்லி, நடந்த சூட்டில் நான் கழற்றிய கோட்டையும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். அப்படித்தான் நான் தனியாகப் போனேன். தனியாக விட்டிருக்கக் கூடாது.

எறும்பு செய்தது பதினேழாம் நம்பர். பாதையின் கடைசியில், ஐந்து மரங்களுக்கு நடுவில் இருக்கிறது. போன வருடப் புயலில் விழுந்த பெரிய மரம் ஒன்றை அவள் அப்படியே எடுத்து, நாரும் கொடியும் வேலிகளில் சிக்கியிருந்த ஆட்டுரோமமும் சேர்த்துத் திரித்த வலையில் படுக்கவைத்து, நின்றுகொண்டிருக்கும் ஐந்து மரங்களிலும் கட்டித் தொங்கவிட்டிருக்கிறாள். தலைக்கு மேல் ஒரு முழ உயரத்தில் அது கிடக்கிறது. அடியில் நாம் நடந்து போகலாம். பலகையில் இரண்டே வரி. "விழுந்த மரம். மற்ற மரங்கள் பிடித்துக்கொண்டிருக்கின்றன." மச்சான், நீங்கள் எழுத்தில் கேட்டீர்கள், அதனால் எழுத்தில் சொல்கிறேன். பார்க்கத் தகுந்ததா என்றால், நான் அதன் அடியில் நின்று அண்ணாந்து பார்த்து அழுதுவிட்டேன். ஏன் என்று கேட்காதீர்கள், எனக்குத் தெரியாது. கழுத்து வலியாகக்கூட இருக்கலாம்.

இனிமேல்தான் விபரீதம். அந்த இடத்துக்குள் நுழையும்போதே, தாழ்ந்த ஒரு கிளைக்குக் குனிந்தபோது, பின்னாலிருந்து யாரோ மெல்ல இழுத்தது போலிருந்தது. திரும்பினேன். ஒருவரும் இல்லை. அப்போதே திரும்பிப் போயிருக்க வேண்டும். பயத்தோடு பயமாக மரத்தைச் சுற்றி இரண்டு தடவை வந்தேன். என்னவோ, சுற்றச் சுற்ற முதுகில் இடுப்புப் பக்கம் சில்லென்று ஏறியது. மறுபடி நுழைந்த இடத்துக்கே வந்து நின்றால், கண் எதிரே ஒரு பழுப்பு நூலின் நுனி ஆடிக்கொண்டிருக்கிறது. ஒரு சின்னக் குச்சியில் தொடங்கி, மரங்களைச் சுற்றி, வலைக்குள்ளே போய் மறைவது போல் தெரிகிறது.

என் கடையிலிருந்து நுனி நூல் தொங்க ஒரு துணி வெளியே போனதில்லை. கல்யாண வீட்டில் எதிரே நிற்பவர் சட்டையில் நூல் தொங்கினால்கூட எனக்குப் பேச்சு ஓடாது. சட்டைப் பையில் சின்னக் கத்தரி எப்போதும் இருக்கும். சனிக்கிழமை நீங்கள் வந்து பார்க்கும்போது, பிள்ளையின் வேலையில் ஒரு நுனி தொங்கலாமா? வேலையின் முறைப்படி, நூலை லேசாக இழுத்துப் பிடித்து, வேரோடு ஒட்டி வெட்ட வேண்டும். லேசாக இழுத்தேன். ஒரு முழம் வந்தது. இது என்ன என்று இன்னும் கொஞ்சம் இழுத்தேன். இரண்டு முழம் வந்தது. அந்த நிமிஷம் தலைக்கு மேல் அந்த மரம் "கிறீச்" என்றது.

மச்சான், என் உயிர் என் கையில் இல்லை. பின்னல் வேலையில் ஓர் இழை நழுவினால் என்ன ஆகும் என்று எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஒன்று போனால் அடுத்தது, அடுத்தது போனால் மொத்தமும். கடைசி முடிச்சை யாரோ போடாமல் விட்டிருக்கிறார்கள். உங்கள் பெண்ணைக் குறை சொல்வதாக நினைக்க வேண்டாம், ஆனால் பின்னல் வேலையில் கடைசி முடிச்சைப் போடாமல் எழுந்து போகிற கையைப் பிடித்து வைத்து நாலு வார்த்தை கேட்கத்தான் வேண்டும். நுனியை விரலில் சுற்றி, ஒரு மரத்தில் முதுகைச் சாய்த்து, அசையாமல் நின்றேன். நூலை விட்டால் மரம் விழும். பிடித்துக்கொண்டிருந்தால் ஒருவேளை விழாது. அப்போது மணி இரண்டு.

நான் மூச்சு விட்டால் நூல் அசைகிறது. இருமினால் நூல் துள்ளுகிறது. ஒரு கால் மாற்றி நின்றால் தொய்கிறது. தொய்ந்தால் ஆபத்து என்று கொஞ்சம் இழுத்து விரலில் சுற்றிக்கொள்வேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி தொய்யும், மறுபடி சுற்றுவேன். இப்படி மூன்று மணி நேரத்தில் என் கையில் எலுமிச்சம்பழ அளவுக்கு ஒரு நூலுருண்டை சேர்ந்துவிட்டது. அத்தனையும் உங்கள் மகளின் ஆறு மாத உழைப்பிலிருந்து நான் உருவியது. உருண்டை பெரிதாகப் பெரிதாக, முதுகில் அந்தச் சில்லிப்பு இடுப்பிலிருந்து மேலே மேலே ஏறி, தோள்பட்டைவரை வந்துவிட்டது. பயத்தில் முதுகு சில்லிடும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவ்வளவு நிஜமாகச் சில்லிடும் என்று எனக்குத் தெரியாது.

ஜனங்கள் வர ஆரம்பித்தார்கள். அடியில் போகாதீர்கள் என்று கத்தலாம் என்றால், கத்தினால் நூல் துள்ளும். கண்ணால் ஜாடை காட்டினேன். ஒருவர் என்னைப் படம் எடுத்தார். இன்னொருவர் பலகையைப் படித்துவிட்டு என்னைப் பார்த்து மரியாதையாகத் தலையை ஆட்டினார். பிறகு அந்தக் காவலாளி வந்தார். நான் உருண்டையை உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டேன். அவர் கையிலிருந்த பட்டியலைப் புரட்டி, "சார், பதினேழுல ஆள் உண்டுன்னு யாரும் சொல்லலையே. எவ்வளவு நேரம் நிப்பீங்க?" என்றார். "மூடற வரைக்கும்" என்றேன். "இப்பல்லாம் மனுஷங்களையும் வச்சுப் பண்றாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஒரு காகிதத்தை நீட்டினார். அதில் கையெழுத்துப் போடுவதற்கு நான் இடது கையைப் பயன்படுத்த வேண்டியிருந்தது. போய், இரண்டு கம்பங்களும் சிவப்புக் கயிறும் கொண்டுவந்து எனக்கு முன்னால் கட்டிவிட்டார், யாரும் என்னைத் தொட்டுவிடக் கூடாதாம். நல்ல மனுஷன். ஆனால் அதற்கப்புறம் நான் தப்பித்து ஓட நினைத்தாலும் வழியில்லை.

வயதான ஒரு தம்பதி வந்து என்னைச் சுற்றி நடந்தார்கள். அந்த அம்மா, நான் சாய்ந்திருந்த மரத்துக்கு அந்தப் பக்கமாக எட்டிப் பார்த்து, "முன்னாடி பாத்தா எவ்வளவு முழுசா இருக்கு. இங்க வந்து பாருங்க, பின்னாடி பிரிஞ்சுகிட்டே வருது" என்றார். கணவர் வந்து பார்த்து, "வயசானா அப்படித்தான். அதைத்தான் சொல்ல வர்றாங்க" என்றார். மரத்தின் பின்பக்கம் பிரிய ஆரம்பித்துவிட்டது, முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கே தெரிகிறது, எனக்குத் திரும்பிப் பார்க்கக்கூட முடியவில்லை.

ஐந்து மணிக்கு மூடுகிற மணி அடித்தது. ஆட்கள் போனதும், கோட்டுப் பட்டனுக்கு நான் போடுகிற முடிச்சை, மூன்று சுற்று, ஓர் இறுக்கு, நுனியை உள்ளே நுழைத்து இன்னோர் இறுக்கு, அந்தத் தாழ்ந்த கிளையில் போட்டு நூலைக் கட்டினேன். உருண்டையை ஒரு வேருக்கு அடியில் ஒளித்துவைத்தேன். மரத்துக்கு முதுகைக் காட்ட மனம் வராமல், அது விழுகிறதா என்று பார்த்துக்கொண்டே, பின்பக்கமாக அடிமேல் அடிவைத்து நடந்தேன். போகப் போகக் குளிர் கழுத்தை எட்டிவிட்டது. பாதை திரும்பும் இடத்தில் என்னை எதுவோ சுண்டி விட்டது போல் ஒரு வெடுக்கு. அதோடு நான் ஓடிவந்துவிட்டேன்.

டீக்கடையில் என்னைப் பார்த்ததும் உங்கள் தங்கை, "என்ன, பேயறைஞ்ச மாதிரி இருக்கீங்க. மூணு மணி நேரமா என்ன பாத்தீங்க?" என்று கேட்டாள். "குளிருது" என்றேன். கோட்டை நீட்டினாள், மாட்டிக்கொண்டேன். மூடுகிற நேரமாகிவிட்டதால் அவளுக்குப் பார்க்க வாய்க்கவில்லை. வீட்டுக்கு வந்து கோட்டையும் ஸ்வெட்டரையும் சேர்த்தே கழற்றி ஆணியில் மாட்டிவிட்டுப் போர்த்திப் படுத்தேன். காலையில் எறும்பு போன் செய்தாள். "மாமா, பாத்தீங்களா? எப்படி இருந்துச்சு?" என்றாள். "நிக்குது" என்றேன். "தொங்குதுன்னு சொல்லுங்க" என்று சிரித்தாள். "அப்பாவுக்கு எழுதிட்டீங்களா?" என்றாள். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். உண்மையைச் சொல்லத்தான் வாயைத் திறந்தேன், மச்சான். அந்தச் சிரிப்பைக் கேட்டபின் வரவில்லை.

இப்போது என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான் வாருங்கள் என்று எழுதினால், சனிக்கிழமை நீங்கள் வந்து அந்த மரத்துக்கடியில் நிற்பீர்கள். அது என் பட்டன் முடிச்சு ஒன்றின் தயவில் தொங்கிக்கொண்டிருக்கிறது. வராதீர்கள் என்று எழுதினால், பன்னிரண்டாவது தடவையாக அவள் வாசலைப் பார்த்துக்கொண்டு தனியாக நிற்பாள், அதற்கும் நானே காரணம். வெள்ளிக்கிழமை காற்று பலமாக இருக்கும் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஜன்னல் திரை அசைந்தால் எனக்குக் காலும் ஓடவில்லை, கையும் ஓடவில்லை. ஆகவே யோசித்து யோசித்து நான் வந்த முடிவு: நீங்கள் சனிக்கிழமை வர வேண்டாம். வந்தாலும் அடியில் நிற்க வேண்டாம். நின்றுதான் ஆக வேண்டும் என்றால் நானும் பக்கத்தில் நிற்கிறேன், விழுந்தால் இருவர் மேலும் சேர்ந்தே விழட்டும். இதில் எது சரி என்று தயவுசெய்து எழுதி அனுப்புங்கள். எழுத்தில் வேண்டும்.

வீட்டில் அக்காவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். முழங்காலுக்குச் சூடான துணியைக் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் எல்லாருடைய உடம்பும் திடமாகவும், தலைக்கு மேல் இருக்கிறவை எல்லாம் அங்கங்கே அப்படியே இருக்கவும் வேண்டிக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
பயத்துடன்,
உங்கள் மைத்துனன்.

பின்குறிப்பு: உறையில் போடும் நேரத்தில் உங்கள் தங்கை என்னைக் கூப்பிடுகிறாள். குரல் சரியில்லை. கதவிடுக்கில் பார்த்தேன், கையில் என் ஸ்வெட்டர் இருக்கிறது. என்னவென்று கேட்டுவிட்டு வந்து முடிக்கிறேன்.

அண்ணா, நான்தான் எழுதறேன். இவரு இப்ப எழுதற நிலைமையில இல்ல, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. மேல எழுதினதை எல்லாம் நான் படிச்சிட்டேன். ஆணியிலிருந்து ஸ்வெட்டரை எடுத்தா முன்பக்கம் இருக்கு, ரெண்டு கை இருக்கு, முதுகே இல்ல. கழுத்துப்பட்டை மட்டும் ஒட்டிக்கிட்டிருக்கு. குனிஞ்சு நுழையும்போது குச்சி அதைப் பிடிச்சு இழுத்திருக்கு. இவரு அந்தக் குச்சியில தன் முதுகை மாட்டிவிட்டு ரெண்டு சுத்துச் சுத்தியிருக்காரு. அப்புறம் மூணு மணி நேரம் தன் ஸ்வெட்டரைத் தானே உருவிக்கிட்டு நின்னிருக்காரு. கடைசி முடிச்சைப் போடாத கையைப் பிடிச்சு நாலு வார்த்தை கேக்கணும்னு எழுதியிருக்காரே, அது என் கைதான். முடிச்சுப் போடற நேரத்துலதான் டீ எங்கன்னு கூப்பிட்டாரு, எந்திரிச்சுப் போனேன். இப்ப கேக்கச் சொன்னேன், ஒரு வார்த்தையும் கேக்கல.

எறும்புகிட்ட போன்ல பேசிட்டேன். காலையில இவருகிட்ட பேசினதும் போய்ப் பாத்திருக்கா. மரத்தைத் தாங்கறது உள்ள இருக்கற இரும்புக் கம்பியாம், மேலதான் நாரும் கொடியும். கிறீச்சுன்னா காத்துல கிளை உரசறதாம். இன்ஜினியர் வந்து சோதிச்சு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்காங்க. எழுத்துல இருக்கு, அண்ணா. நம்பரும் தேதியும் போட்டு, சீல் வச்சு இருக்கு. மரத்தைச் சுத்தி யாரோ கம்பளி நூலைச் சுத்தி வச்சிருக்காங்களேன்னு பாத்தவ, கிளையில இருந்த முடிச்சைக் கண்டதும் புரிஞ்சுகிட்டாளாம். "அது என் பாக்கெட் பட்டன்ல இருந்த முடிச்சு அத்தை, அதை நான் அவுக்கமாட்டேன்" அப்படின்னா. மீதி நூலைச் சுருட்டி எனக்காக எடுத்து வச்சிருக்கா.

வெள்ளிக்கிழமையே கிளம்பி வந்துடு. குளிருது, எதையாவது போட்டுக்கிட்டு வா, நான் பின்னி அனுப்பினதை மட்டும் போடாதே. உன் பொண்ணு செஞ்சது விழுந்துடக் கூடாதுன்னு இவரு மூணு மணி நேரம் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. அது விழாதுங்கறது வேற விஷயம், இவருக்கு அது தெரியாது. பெத்தவன் நீ. உன்னை எதையும் பிடிக்கச் சொல்லல. சும்மா வந்து அவ பக்கத்துல நில்லு.